குளிருக்குப் பழக்கியவர்

அவர் எந்தக் கதவையும் ஒரே வீச்சில் திறந்து நான் பார்த்ததில்லை. முதலில் ஒரு விரல் அளவுக்குத் திறப்பார். அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே இருப்பதற்கு வெளிக்காற்று பழகட்டும் என்பது போல நிற்பார். அப்புறம்தான் மெல்ல முழுசாகத் திறப்பார். செடி வைத்திருக்கும் அறைக்கு அது சரி. காய்கறி போட்டு வைத்திருக்கும் அறைக் கதவையும் அப்படித்தான் திறப்பார். சோலையம்மா அதைப் பார்த்துவிட்டு என் காதில், "உள்ள உருளக்கெழங்கு சேலை மாத்திக்கிட்டு இருக்குபோல. மேடம் பொறுத்துத்தான் போவாக" என்பாள்.

சோலையம்மாவும் நானும் ஒரே ஊர். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போவோம். திருச்சுழி போகிற ரோட்டில் கரிசல் காட்டுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. தட்டுகளில் மண் நிரப்புவது, தொட்டி கழுவுவது, களை எடுப்பது எங்கள் வேலை. நான் சாயங்காலம் அவருடைய குவார்ட்டர்ஸிலும் சமைத்துக் கொடுத்து, பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசி ஆட்டோவில் வீட்டுக்குப் போவேன். எல்லோரும் அவரை மேடம் என்போம். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதத் தோன்றவில்லை.

அவர் பிறந்தது காரியாபட்டிப் பக்கம். நிறையப் படித்து, வடக்கே பனி கொட்டுகிற மலையூர் ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு பையுமாக எங்கள் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். செடி எப்படிக் குளிரைத் தாங்குகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. எங்கள் ஊரில் சித்திரை மாதம் ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அங்கே வந்து ஒருவர் குளிரைப் பற்றி ஆராய்கிறார் என்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. கொண்டைக்கடலை பனியில் விளைகிற பயிர்தான், ஆனால் பூக்கிற நேரத்தில் குளிர் ஓர் அளவுக்கு மேல் போனால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும், வடக்கே எத்தனையோ பேருக்கு அதனால் நட்டம் என்று பொறுமையாகச் சொன்னார்.

பொறுமை என்று நான் எழுதினாலும் அது சரியான வார்த்தை இல்லை. எதுவும் திடீரென்று நடந்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பயம் இருந்தது. நாற்றுக்கு ஊற்றும் தண்ணீரை முந்தின நாளே பிடித்து நாற்றின் பக்கத்தில் வைக்கச் சொல்வார். வெயிலிலிருந்து வந்தவுடன் யாரும் பானைத் தண்ணீரை மொண்டு குடிக்க விடமாட்டார். புதிதாக வேலைக்கு வந்தவளை முதல் வாரம் நிழலிலேயே உட்கார வைப்பார். திட்டுவதைக்கூட அப்படித்தான் செய்வார். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்பார், பிறகு வீட்டில் எல்லோரும் சுகமா என்பார், திட்டு வந்து சேரும்போது நாங்கள் அதற்குத் தயாராக இருப்போம்.

"கொஞ்சம் கொஞ்சமாக்கா. பழக்கணும்" என்பது அவர் வாயில் ஓயாமல் வரும்.

சோலையம்மாவின் அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி பண்ணைக்குப் போனில் வந்தது. மேடம்தான் அவளிடம் சொன்னார். உட்கார வைத்து, அண்ணனுக்கு மேலுக்கு முடியவில்லையாம் என்றார். டீ கொடுத்து அவள் குடித்த பிறகு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம் என்றார். பண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில், டாக்டர்கள் கொஞ்சம் பயப்படுகிறார்களாம் என்றார். நானும் கூட இருந்தேன். ஊர் விலக்கில் ஜீப் திரும்பும்போது சோலையம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்துட்டான்னு சொல்லுங்க மேடம். எம்புட்டு நேரந்தான் நீங்களும் இழுப்பீக" என்றாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். துட்டி வீட்டில் அவள் மயங்கி விழாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்படியும் இருக்கலாம்.

பண்ணையில் ஒரு குளிர்ப் பெட்டி இருந்தது. பீரோ உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளை விளக்கு. அதில் கொண்டைக்கடலை நாற்றும், கடுகுக்கு உறவான பொடிச் செடி ஒன்றும் வைப்பார். அந்தப் பொடிச் செடி எதற்கும் உதவாது, பொரிக்கவும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. ஆனால் செடிகளின் உள்விவகாரம் முழுவதையும் அதை வைத்துத்தான் உலகத்தில் படிக்கிறார்களாம். ஒரு தட்டுச் செடியை அந்தப் பெட்டியில் வைத்துத் தினம் கொஞ்சமாகக் குளிரைக் கூட்டிக்கொண்டே வருவார். இன்னொரு தட்டு வெளியே சுகமாக இருக்கும். கடைசியில் இரண்டையும் ஒன்றாகக் கடுங்குளிரில் வைப்பார். வெளியே எடுத்துப் பார்த்தால், சுகமாக இருந்த தட்டுச் செடி வெந்நீரில் போட்ட கீரை மாதிரி துவண்டு கிடக்கும். பழக்கின தட்டு அப்படியே நிற்கும். "தாங்கிருச்சு" என்பார் மேடம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

இரண்டும் ஒரே விதைதானே, எப்படி என்று ஒருநாள் தைரியமாகக் கேட்டேன். நான் கேள்வி கேட்கிறவள் இல்லை. அதனாலேயோ என்னவோ, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து சொன்னார். குளிரைத் தாங்க வேண்டிய எல்லாமே செடிக்குள்ளே முதலிலிருந்தே இருக்கிறதாம். ஜீன் என்று பெயர். ஆனால் அவை உறங்கிக் கிடக்குமாம்.

"கம்மாக்கரை உடையப் போகுதுன்னு ஒருத்தன் ஓடிவந்து தெருத்தெருவா எழுப்புவாம்ல, அதுமாதிரிக்கா. குளிரு தொட்டதும் செடிக்குள்ள ஒருத்தன் முழிப்பான். அவன் போய் அடுத்தவன எழுப்புவான். அவன் நூறு பேர எழுப்புவான். ஒருத்தன் இலைக்குள்ள சர்க்கரை சேப்பான், ஒருத்தன் தோலு விறைக்காமப் பாப்பான். எல்லாரும் எந்திரிச்சு வந்து சேர நாளாகும். அதுக்குள்ள வெள்ளம் வந்துட்டா ஊரு போச்சு."

வெயில் திரும்பினால் அத்தனை பேரும் மறுபடியும் படுத்துவிடுவார்களாம். எழுப்பத்தான் பல நாள் ஆகும், படுக்க வைக்க ஒரு நல்ல வெயில் போதும் என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. வீட்டுக்குப் போய் என் மருமகளிடம்கூடச் சொன்னேன்.

அவருக்கு ஒரு மகள் உண்டு என்பது முதல் மார்கழியில்தான் எங்களுக்குத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தாகிவிட்டது. மகள் அப்பாவோடு அந்த மலையூரில் இருந்து படிப்பது, பனிக்காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் நீளமாக மூடியிருக்கும்போது அம்மாவிடம் வந்து இருப்பது என்று கோர்ட்டில் முடிவாகியிருந்தது. அவளுடைய சித்தப்பா மதுரை வரை ரயிலில் கூட்டிவந்து, அங்கிருந்து காரில் கொண்டுவந்து விட்டார். ஏழெட்டு வயது இருக்கும். கையில்லாத கவுன் போட்டுக்கொண்டு இறங்கினாள். நாங்களோ தலையில் துண்டைச் சுற்றி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். "இது குளிரா?" என்று கேட்டு அப்படிச் சிரித்தாள். மல்லிச் செடியில் பனி நிற்பதைத் தொட்டுத் தொட்டு நக்கினாள். நாங்கள் பாப்பா என்று கூப்பிட்டோம். அம்மா கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்றாள். என் பேத்தி வயதுப் பிள்ளை அக்கா என்று கூப்பிட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள் சோலையம்மா.

அந்த ஒரு மாதம் மேடம் வேறு ஆளாக இருந்தார். பிள்ளைக்கு அவரே ஊட்டினார். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தார். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போய் வளையல் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் கட்டில் இருந்தும் பாப்பா தரையில் பாய் விரித்துப் படுக்க ஆசைப்படுவாள். அவள் ஊரில் தரை ஐஸ் மாதிரி இருக்குமாம், வெறுங்காலே வைக்க முடியாதாம். அந்த மாதம் என்னைக் காலையிலும் வீட்டு வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போகும்போது இரண்டு பாயும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சுருட்டுவதற்கு முன்னால் எது யாருடையது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

புறப்படுகிற நாளில் அந்தப் பிள்ளை கதறிய கதறலை நான் மறக்க மாட்டேன். வாசல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டியிருந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் காய்ச்சலில் விழுந்தாள். சாப்பிடவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா போனில் பேசினாராம். நான் தட்டில் மண் நிரப்பிக்கொண்டிருக்கும்போது மேடம் நின்றபடியே சொன்னார். பிள்ளையின் அப்பா சத்தம் போடவில்லையாம். வந்துபோனால் பிள்ளை இப்படி ஆகிறது என்றால் அனுப்புவதை நிறுத்தச் சொல்லித் திரும்பவும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றாராம்.

"அவரு கெட்டவரு இல்லக்கா. பிள்ளை மெலிஞ்சு போச்சுன்னா யாருக்கும் அப்படித்தான தோணும்" என்றார். பிறகு வெகுநேரம் குளிர்ப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மார்கழிக்குப் பாப்பா வந்தாள். வந்த முதல் வாரம் போன வருஷம் மாதிரிதான். பாய்கள் ஒன்றின் மேல் ஒன்று. அதன்பிறகு ஒருநாள் காலையில் இரண்டு பாய்க்கும் நடுவே ஒரு கை அகலம் தரை தெரிந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டொரு நாள் கழித்து ஒரு முழம். அப்புறம் ஒரு பாய் இந்தச் சுவர் ஓரம், ஒரு பாய் அந்தச் சுவர் ஓரம். பிறகு மேடத்தின் பாய் பக்கத்து அறைக்குப் போய்விட்டது, கதவு மட்டும் திறந்திருந்தது. கடைசியில் கதவும் சாத்தியிருந்தது. சாப்பாடும் அப்படியே. ஊட்டினவர் பக்கத்தில் உட்கார்ந்தார், பிறகு எதிரே உட்கார்ந்தார், பிறகு, "அக்கா போடுவாக, சாப்பிடு, எனக்கு வேலை கிடக்கு" என்று எழுந்து போனார். வேலை ஒன்றும் இல்லை. தட்டுகளுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருப்பதை நான் பார்த்தேன்.

புறப்படுகிற அன்று கார் வருவதற்கு முன்பே அருப்புக்கோட்டையில் சோலி இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டார். பாப்பா கேட் வரைக்கும் என் கையைப் பிடித்து நடந்து வந்தாள். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் சத்தம் வரவில்லை. காரில் ஏறிக்கொண்டாள். ரயிலில் நன்றாகச் சாப்பிட்டாள் என்று சித்தப்பா போன் பண்ணினார். மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தாங்கிருச்சு" என்றார். எனக்கு என்னமோ போல இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அதற்கடுத்த வருஷமும் பாய்கள் விலக ஆரம்பித்தபோது என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் வீடுகளில் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்து மாரில் தடவுவோம். பிள்ளை வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். ஆனால் அந்த நாட்களில்தான் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருப்போம். இதை எப்படி அவரிடம் சொல்வது என்று பல நாள் தவித்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நாங்களும் பால மறக்கடிப்போம் மேடம். பிள்ளைய மறக்கடிக்க மாட்டோம்."

அவர் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டார்.

"அழுதா அனுப்ப மாட்டாகக்கா" என்றார். "வருசத்துக்கு ஒரு மாசம் எனக்குக் குடுத்திருக்காக. அதுவும் போயிருச்சுன்னா நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்க."

நான் அடுப்பைத் தணித்தேன்.

அந்த வருஷம் எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்து வந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது, மறுநாள் கிளம்ப வேண்டும். அப்போது வடக்கே மூடுபனி, ரயிலை ரத்து செய்துவிட்டார்கள், இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்தது என்று சித்தப்பாவிடமிருந்து போன். மேடம் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். அந்தப் பிள்ளை அதற்கு வளர்ந்துவிட்டாள், கால் தரையில் இடித்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்காமல் கிடைத்த இரண்டு நாள். பண்ணைக்கே அவர் வரவில்லை. கருப்பட்டிப் பணியாரம் சுடச் சொன்னார், அடுப்படியிலேயே உட்கார்ந்து சுடச்சுட எடுத்துத் தின்றார்கள். கம்மாய்க்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் நான் பாய் சுருட்டப் போனபோது ஒரே பாய்தான் விரித்திருந்தது.

அதற்கு மறுநாள் கார் வந்தது. முதல் வருஷம் அழுத அழுகை இதற்குப் பக்கத்தில் வராது. பாப்பா வாந்தி எடுத்தாள். கார் கதவைச் சாத்த விடவில்லை. "நல்லா இருந்தியேம்மா, நல்லாத்தான இருந்த" என்று மேடம் அவளிடம் கெஞ்சியது எனக்குக் கேட்டது.

அப்பாவிடமிருந்து போன் வந்தது. இதுதான் கடைசி எச்சரிக்கை என்றாராம். மேடம் என்னிடம் ஒரு வரிதான் சொன்னார்: "நாந்தான்க்கா கெடுத்தேன். ஒரு வெயிலு போதும்னு எனக்குத் தெரியாதா?"

நான்காம் வருஷம் அவர் முதல் நாளே பாயைப் பக்கத்து அறையில் போட்டார். காரிலிருந்து இறங்கிய பிள்ளையின் தலையில் கை வைத்து, பிரயாணம் எல்லாம் சௌகரியமா என்று கேட்டார். விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டார். பாப்பா சௌகரியம் என்றாள். அந்த வருஷம் ஓர் அழுகையும் இல்லை. போகும்போது தன் பெட்டியைத் தானே தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கை காட்டிவிட்டுப் போனாள். அப்பாவுக்குத் திருப்தி. இனி அவள் வருவதில் தடை இல்லை என்று சொல்லிவிட்டார். மேடம் எங்களுக்கெல்லாம் அருப்புக்கோட்டையிலிருந்து சேவும் அல்வாவும் வாங்கிவந்து கொடுத்தார். பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

அதே வருஷம் கோடைக்கு முன்னால் இது நடந்தது. குளிர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தட்டு இருக்கும். அதில் உள்ள பொடிச் செடிகள் எப்போதும் குட்டையாக, கருகருவென்று, தரையோடு ஒட்டிக் கிடக்கும். மற்றத் தட்டுச் செடிகள் பூத்துக் காய்த்து முடிந்த பிறகும் இவை அப்படியே கிடக்கும். இவற்றுக்கு என்ன நோய் என்று சோலையம்மா கேட்டாள். நோய் இல்லை என்றார் மேடம். கம்மாய் உடையப் போகிறது என்று எழுப்புகிற ஆள் இந்தச் செடிகளில் உறங்கவே மாட்டானாம், ஜீனை அப்படி மாற்றி வைத்திருக்கிறார்களாம். அதனால் எவ்வளவு திடீரென்று குளிர் வந்தாலும் சாகாதாம்.

"சாகலேன்னா நல்ல செடிதான மேடம்? அப்புறம் ஏன் இப்படிச் சவங்கிக் கெடக்கு?"

"ஊரே எந்நேரமும் கரையில காவல் நின்னா யாரு போயி உழுவா சோலையம்மா? தாங்குறதுக்கே எல்லாத்தையும் செலவழிச்சிரும். வளர்றதுக்கு..."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. மேடம் மேலே சொல்வார் என்று சோலையம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் தட்டை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், வேறு யாரையோ தேடுவது போல வாசலைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். பகலில் தலை வலிக்கிறது என்று அவர் வீட்டுக்குப் போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த மார்கழிக்குப் பாப்பா வருவதற்கு முன்பே மேடம் புதுப் பாய் ஒன்று வாங்கிவந்தார். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், கோரைப்பாய், ஓரமெல்லாம் சிவப்பு. கூடத்து நடுவில் அதை விரித்து வைத்துவிட்டுக் கார் வரும் முன்பே ரோட்டில் போய் நின்றார். இறங்கிய பிள்ளையை அவர் கட்டிப்பிடித்தபோது அவள் அசையாமல் நின்றாள். தள்ளிவிடவில்லை. முகம் சுளிக்கவில்லை. டாக்டர் ஊசி போட்டு முடிக்கும்வரை நல்ல பிள்ளைகள் காத்திருக்குமே, அப்படி அது முடியட்டும் என்று நின்றாள். சோறு பிசைந்து ஊட்டப் போனால், "நானே சாப்பிடுவேம்மா" என்று தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டாள். காலையில் நான் போய்ப் பார்த்தபோது மேடம் அந்தப் பெரிய பாயின் ஒரு பாதியில் உட்கார்ந்திருந்தார். மறு பாதி கசங்கவே இல்லை. பாப்பா பக்கத்து அறையில் பழைய பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அங்கதாம்மா தூக்கம் வரும்னு சொன்னா. எவ்வளவு தன்மையாச் சொன்னா தெரியுமாக்கா" என்றார்.

கோபமோ வீம்போ இருந்திருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கு அம்மா மேல் ஒரு குறையும் இல்லை. என்ன கேட்டாலும் பதில் சொன்னாள், கூப்பிட்ட இடத்துக்கு வந்தாள். மேடம் எந்நேரமும் அவள் பின்னாலேயே திரிந்தார். தலை பின்னிவிடவா, கடைக்குப் போகலாமா, கதை சொல்லவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம்மா, அப்புறம் போகலாம்மா என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். சோலையம்மாகூட அதைப் பார்த்துவிட்டு, கேலி ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஒரு வருஷம் அவள் பாதி லீவில் திரும்பிப் போனாள். அதற்கடுத்த வருஷம், டியூஷன் இருக்கிறது, வர முடியாது என்று போனில் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. அப்பா போய்வரச் சொன்னாராம், அவள்தான் வேண்டாம் என்றாளாம். மூன்றாம் நாள் மேடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்துக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு, அந்த மலையூருக்கு அவரே புறப்பட்டார். அதிரசமும் முறுக்கும் நான்தான் சுட்டுக் கொடுத்தேன். மல்லித்தூள் ஒரு டப்பா நிறையக் கேட்டார், பாப்பாவுக்கு அந்த வாசம் பிடிக்குமாம்.

பத்து நாள்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரே வந்து தரையில் உட்கார்ந்து அவரும் ஒரு கட்டை எடுத்து ஆய்ந்தார். அவராகச் சொன்னார். பாப்பா நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாளாம், அம்மாவைவிட உயரமாம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போனாளாம். அப்பாவிடம் சொல்லி நல்ல லாட்ஜாகப் பார்த்து ரூம் போட்டிருந்தாளாம், கனமான கம்பளி இரண்டு கேட்டு வாங்கி வைத்திருந்தாளாம், வெந்நீர் எப்போது வரும் என்று விசாரித்துச் சொன்னாளாம். தினம் சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, மணி பார்த்து எழுந்து போவாளாம்.

"நான் ஒரு மாசம் இருக்கலாம்னுதாங்க்கா போனேன். தினம் அவ மணி பாக்குறத என்னால பாக்க முடியல. ஊருல வேலை இருக்குன்னு கிளம்பிட்டேன்."

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேருக்கு நடுவில், அவருக்குக் கட்டுப்படுத்த முடியாமல் அழுகை வந்துவிட்டதாம். மகளின் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். கண்டக்டர் விசில் ஊதுகிறானாம், இவர் விரல் விடமாட்டேன் என்கிறதாம். பாப்பா ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாளாம். பதறாமல், வலிக்காமல். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கையில் கொடுத்தாளாம்.

"முதல் தடவை இப்படித்தாம்மா இருக்கும். ரெண்டு மூணு தடவை வந்துட்டுப் போனா பழகிரும். அழாம ஏறுங்க."

மகள் சொன்னதை அவளுடைய குரலிலேயே சொல்லிக் காட்டினார். பிறகு ஆய்ந்த கீரையையும் தண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டதைப் பார்த்து, அதைத் திரும்பப் பிரிக்க ஆரம்பித்தார். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் பண்ணையில் இருந்த வரைக்கும் ஒவ்வொரு மார்கழியும் அங்கே போய்விட்டு வந்தார். ஒரு வாரம், சில வருஷம் நாலைந்து நாள். பாப்பா காலேஜில் சேர்ந்தாள். அப்போதும் வந்து கூட்டிப் போவாளாம், ரூம் போட்டுக் கொடுப்பாளாம், பஸ் ஏற்றிவிடுவாளாம். அவள் செய்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை என்றுதான் மேடம் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

கடைசியாக அவர் போய்வந்த வருஷம், ஆட்டோவிலிருந்து பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தபோது, எனக்கே தெரியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"பழகிருச்சா மேடம்?"

அவர் நடந்துகொண்டே தலையை ஆட்டினார்.

"அவ சின்னப் பிள்ளைக்கா, வெரசாப் பழகிட்டா. எனக்குத்தான் ஆக மாட்டேங்குது."

வீட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது, ஊரில் என்ன விசேஷம், ஏதாவது சொல்லுங்கள் என்றார். முந்தாநாள் காலம் தப்பிப் பெய்த மழையில் பண்ணையில் கொண்டைக்கடலைப் பூ கொஞ்சம் கொட்டிவிட்டது என்று சொன்னேன். எந்தப் பாத்தியில் என்று கேட்டார். சொன்னேன்.